வாசலில் நிற்கும் உன் பேர்

என் பர்வீன் அக்காவுக்கு,

அங்கேயும் யாரையாவது நிற்க வைத்து டேப்பால் அளந்துகொண்டுதான் இருப்பாய். அதைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு நான் சொல்வதைக் கேள். நம் பூங்கா திறந்தாயிற்று.

இது சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம். எனக்கோ வயிறு எரிகிறது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. திட்ட ஆள் கிடைக்காதபோதெல்லாம் உன்னிடம்தானே வந்து கொட்டுவேன்? இப்போதும் அப்படித்தான் வந்திருக்கிறேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் குப்பை கொட்டிக்கொண்டிருந்த அந்த மூலையை இப்போது பார்த்தால் நீயே நம்பமாட்டாய். தூங்குமூஞ்சி மரத்தை வெட்ட விடமாட்டேன் என்று நீ போட்ட சண்டை வீண் போகவில்லை. அது பூவாகக் கொட்டி, பாதையெல்லாம் ரோஸ் நிறத்தில் கிடக்கிறது. மண்மேடு நீ வரைந்தபடியே வந்திருக்கிறது. சக்கர நாற்காலி வண்டி மூச்சு வாங்காமல் ஏறுகிற சரிவு. பிள்ளைக் கைக்கு ஏற்ற அடிபம்பு, அதிலிருந்து மடி உயரத்தில் ஓடுகிற சின்ன வாய்க்கால், அதில் இலையைப் படகாக விட்டு அடித்துக்கொள்கிற பிள்ளைகள். தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி பின்னச் சொன்னாயே ஒரு பெரிய ஊஞ்சல், அதில் படுத்துக்கொண்டே ஆடலாம். உட்கார முடியாத பிள்ளையும் ஆடலாம்.

தொட்டாச்சிணுங்கிப் பாத்தியும் நன்றாக வந்திருக்கிறது. அதற்கு நடந்த கூத்து ஞாபகமிருக்கிறதா? குடியிருப்போர் சங்கத் தலைவர் சாரங்கன் சார், ரிட்டையர்டு இன்ஜினீயர், முகத்தைச் சுளித்தார். "கொழந்தேள் விளையாடற எடத்துல முள்ளுச்செடியாம்மா? ரோஜா வெச்சா நன்னா இருக்காதோ?" என்றார். நீ பொறுமையாகச் சொன்னாய், "ரோஜாவுக்கு மட்டும் முள்ளு இல்லையா சார்? கை நடுங்கற பிள்ளை தொட்டாலும் இந்தச் செடி மூடிக்கும். நம்ம கைக்கு ஒண்ணு பதில் சொல்லுதுன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியட்டுமே." சாரங்கன் சார் அந்தச் செடி மாதிரியே கப்பென்று வாயை மூடிக்கொண்டார்.

இடுப்பு உயரத்தில் பாத்தி கட்டி, கீழே சக்கர நாற்காலியில் இருப்பவர்களின் கால் நுழைய இடம் விட்டு நட்டாய். மண் விளையாடுகிற மேஜையும் அப்படியே. இந்த யோசனை உனக்கு எங்கே வந்தது என்று ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மயிலாப்பூரில் என் தையல் கடையில் வந்தது.

அன்றைக்குச் சுடிதாரைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தாய். கை இறுக்குகிறதாம். "தையல்ல ஒண்ணும் குத்தமில்ல மேடம், நீங்கதான் கொஞ்சம் பூசினாப்பல ஆயிட்டீங்க" என்றேன். வேறொருத்தியாக இருந்தால் துணியை முகத்தில் விட்டெறிந்திருப்பாள். நீ வாய்விட்டுச் சிரித்தாய். அப்புறம்தான் கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி வண்டியில் ஒதுங்கி உட்கார்ந்து, பட்டன்களை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்த என் பெண் தேனுவைப் பார்த்தாய்.

தேனுவுக்குப் பிறக்கும்போதே மூச்சுத் திணறி, கை கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டது. பேச்சும் திக்கித் திக்கித்தான் வரும். புத்திக்கு மட்டும் குறைவில்லை, வாய்க்கொழுப்புக்கும் குறைவில்லை. அவளை முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லோரும் "அச்சச்சோ" என்பார்கள். நீ குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாய். "ஏம்மா, மேஜை குட்டையா இருக்கே, அவ காலு உள்ள போகல பாரு" என்றாய்.

மறுநாளே மரக்கட்டைகளோடு வந்து மேஜையின் நான்கு கால்களையும் தூக்கி வைத்தாய். தேனு முதல் தடவையாக என் பக்கவாட்டில் இல்லாமல் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் வெட்ட, அவள் துணியைப் பிடித்துக்கொண்டாள். பெற்றவள் எனக்கு இத்தனை வருஷம் அது தோன்றவில்லையே என்று அழுதேன். அன்றைக்கு மேடம் போய் அக்கா வந்தது. தேனுவுக்கு நீ பெரியம்மா ஆனாய்.

பூங்காவை வடிவமைக்கிற வேலை உன் கைக்கு வந்ததும் நீ செய்த முதல் காரியம் தேனுவின் வண்டியைக் கடன் கேட்டது. "நான் இதுல உக்காந்து சுத்தாம எதையும் வரைய மாட்டேன்" என்றாய். தேனுவைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, நான் உன்னை மாடவீதியில் தள்ளிக்கொண்டு போனேன். ஒவ்வொரு கல்லுக்கும் நீ "ஐயோ அம்மா" என்று கத்தினாய். பூக்காரம்மா ஒருத்தி உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள், "இன்னாம்மா, பொறந்ததுலருந்தே இப்டியா? மூஞ்சி எம்மாம் லட்சணமா கீது, பாவம்." ஒரு முழம் மல்லியைக் கிள்ளி உன் மடியில் வேறு வைத்தாள்.

நீ பேசாமல் இருந்திருக்கலாம். மரியாதைக்காரி, எழுந்து நின்று "ரொம்ப தேங்க்ஸ்மா" என்றாய். அவள் கூடையைப் போட்டுவிட்டுக் கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்தாள். "கபாலீ! என் கண்ணு முன்னாலயே எயுந்து நிக்க வெச்சிட்டியே நைனா!" கூட்டம் கூடிவிட்டது. உனக்கு உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. அப்புறம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உனக்குப் பூ இனாம். இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "அந்தப் பொண்ணு நல்லா நடக்குதா?" என்று கேட்கிறாள். நல்லா நடக்கிறாள்மா என்று சொல்லிவிட்டு வருகிறேன். வேறு என்ன சொல்வது, சொல்லேன்?

அந்தச் சுற்றல் முடிந்த அன்றைக்கு நீ இரண்டு விஷயத்தில் பிடிவாதம் பிடித்தாய். ஒன்று, இந்தப் பூங்காவில் எந்தப் பிள்ளையையும் யாரும் தூக்கக் கூடாது. "தூக்கினா அது விளையாட்டு இல்ல கோமதி, பார்சல்" என்றாய். இரண்டாவது, ஒரே ஒரு வாசல்தான். பின்பக்கமாகத் தனியாக ஒரு சின்ன கேட் வைத்துவிடலாம், வண்டிப் பிள்ளைகளுக்கு ஸ்பெஷலாக என்று சாரங்கன் சார் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். உனக்கு வந்ததே கோபம்! "என் பிள்ளைங்க யாரும் பின்வாசல் வழியா வரமாட்டாங்க சார். நீங்களும் நானும் தேனுவும் ஒரே வாசல்ல வருவோம். அகலமா, படி இல்லாம, ரெண்டு வண்டி எதிரும் புதிருமா போற மாதிரி." மூன்று பக்கமும் கம்பி வேலி, ஆற்றுச் சுவர். முன்னால் மட்டும் திறந்த வாசல். அப்படித்தான் கட்டினார்கள்.

அளவெல்லாம் தேனுவை வைத்துத்தான் எடுத்தாய். டேப்பைப் பிடித்துக்கொண்டு அவள் வண்டிக்கு நேர் எதிரே போய் நின்றுகொள்வாய், நகரமாட்டாய். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, முகமெல்லாம் சிவக்க, "பெரிம்மா... தள்ளு!" என்று கத்துவாள். நீ பஸ் ஹாரன் கேட்டவள் போலக் குதித்து ஒதுங்குவாய். அவள் சிரிப்பில் எச்சில் வழியும். அவள் தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொண்ட வார்த்தைகளில் அது ஒன்று. வேண்டுமென்றே போய் நின்றாயோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அப்புறம் ஐப்பசி மழை வந்தது. காய்ச்சல் என்று படுத்தாய். டெங்கு என்றார்கள். நான் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தால், கஞ்சியைப் பார்க்காமல், "மண்மேட்டுக்கு மண்ணு இறங்கிச்சா?" என்று கேட்டாய். அதுதான் நீ என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி. இறங்கவில்லை அக்கா, அன்றைக்கு மழை.

கோபாலபுரம் வீட்டிலிருந்து ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடக்கம் செய்கிற கபர்ஸ்தானுக்கு உங்கள் வீட்டில் பெண்கள் போகும் வழக்கமில்லை. உன் உம்மாவும் நானும் வாசல்படி வரைக்கும்தான் வந்தோம். உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தெரு முனை வரைக்கும் பார்த்தார். உன் தம்பி துபாயிலிருந்து வந்து, காரியம் முடிந்து, மறுபடி கிளம்பிப் போனான். அந்த வீட்டில் இப்போது உம்மா மட்டும்தான்.

இனிமேல்தான் கெட்ட சேதி.

வேலை நிற்கவில்லை. உன் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஏழுமலை மேஸ்திரி எல்லாவற்றையும் முடித்தார். சங்கத்தில் கூடிப் பேசி, திறப்பு விழாக் கல்வெட்டில் உன் பேரையும் போடுவது என்று முடிவு செய்தார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள், நான் யாரையும் குறை சொல்ல முடியாது. அதுதான் என்னைக் கொல்கிறது.

விழா அன்றைக்குத் தேனுவுக்குப் புதுப் பாவாடை தைத்துப் போட்டிருந்தேன். பூசணிக்காய் உடைத்தார்கள், நாதஸ்வரம் வாசித்தார்கள், பெரிய மனிதர்கள் வந்தார்கள். வாசலில் ஏதோ ஒன்று பட்டுத்துணியால் மூடி நின்றது. கயிற்றை இழுத்ததும் துணி விழுந்தது. கைதட்டல். செங்கல்லில் ஆள் உயரத்துக்குக் கட்டி, கறுப்பு கிரானைட் பலகை ஒட்டி, மேலே வளைவு வைத்து ஒரு கல்வெட்டு. பெரியவர்கள் பேரெல்லாம் கொட்டை எழுத்தில். அடியில், "இப்பூங்காவை வடிவமைத்த செல்வி பர்வீன் அவர்களின் நினைவாக."

எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? நீ அகலமாக விட்ட வாசலுக்கு நட்ட நடுவில்.

கூட்டம் கல்லின் இரண்டு பக்கமும் பிரிந்து உள்ளே போனது. ஒரு ஆள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகலாம், அவ்வளவு இடுக்கு. நான் தேனுவைத் தள்ளிக்கொண்டு போனேன். இந்தப் பக்கம் சக்கரம் இடித்தது. அந்தப் பக்கம் திருப்பினேன், அங்கேயும் இடித்தது. எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நானும் தேனுவும் உன் பேருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம்.

"அடடா, தூக்குங்கப்பா, தூக்குங்க" என்று யாரோ சொன்னார்கள். நாலு ஆண்கள் வண்டியோடு அவளைப் பக்கத்து வேலிக்கு மேலாகத் தூக்கினார்கள், மாடவீதியில் சாமி தூக்குகிற மாதிரி. ஒருவர் போட்டோ எடுத்தார். தேனு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். உன் பூங்காவுக்குள் அவள் பார்சலாகத்தான் போனாள் அக்கா.

மறுநாளே சாரங்கன் சாரிடம் போய் நின்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "அம்மா, கல்வெட்டுன்னா வாசலுக்கு நேரா, கெழக்கு பாத்துதான் இருக்கணும். அதான் மொறை. நடுவுல இருந்தா பைக்கும் உள்ள வராதேன்னு எல்லாரும் சொன்னா. வண்டியை யோசிக்கவே இல்லையேம்மா" என்றார். இத்தனை நாள் வண்டி வண்டி என்று நீ தொண்டை வற்றக் கத்தியது, உன் பேரை எழுதுகிற அவசரத்தில் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. சிரிப்பதா அழுவதா?

வார்டு ஆபீசில் கேட்டேன். "பெரியவங்க பேரு இருக்கற கல்லும்மா. நான் கை வெச்சேன்னா நாளைக்கே என்னை மாத்திடுவாங்க" என்றார் அங்கிருந்தவர். ஏழுமலை மேஸ்திரியைப் பிடித்தேன். அவர் காதைத் தடவிக்கொண்டார். "கல்லப் பேத்து எடுக்கறது இன்னா யக்கா, அரை நாள் வேல. ஆனா பலகை மெல்லிசு, சிமெண்ட்ல நல்லா கடிச்சிக்கினு கீது. முழுசா வராது, ஒடையும். அதுவும் அந்தம்மா பேரு மேல போய் உளி வெக்கச் சொல்றியே. அவங்க கையால எத்தினி டீ குட்ச்சிருக்கேன்? என்னால முடியாது யக்கா."

வேலியை அறுத்துப் பக்கத்தில் வழி விடலாமே என்றும் சிலர் சொன்னார்கள்; நீ வேண்டாம் என்ற பின்வாசல் அதுதானே, நான் ஒப்பவில்லை. கடைசியில் சாரங்கன் சாரே ஒரு வழி சொன்னார். மேலே இருக்கிறவர்களிடம் அவர் கையைக் காலைப் பிடித்து அனுமதி வாங்கிவிடுவாராம். ஆனால் இறந்தவர் பேரை உடைப்பது பாவம். வீட்டுக்காரர்கள் மனசார சரி என்று சொல்ல வேண்டும். புதுக் கல் மரத்தடியில் வைத்துக்கொள்ளலாம். "அவா அம்மாகிட்ட நீதான்மா கேக்கணும். எனக்கு தைரியம் இல்லை" என்றார்.

எனக்கு மட்டும் இருக்கிறதா?

கோபாலபுரத்துக்குப் போனேன். உம்மா டீ போட்டுக் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். "வெள்ளிக்கிழமை எப்ப வரும்னு இருக்கும்மா எனக்கு. சாயந்தரம் அசர் தொழுதுட்டு ஆட்டோ புடிச்சு அங்க போயிடறேன். கபர்ஸ்தானுக்குத்தான் நான் போக முடியாது. அங்க அவ பேரு இருக்கு, தொட்டுப் பாக்கலாம், தூசி தொடச்சி விடலாம். அல்லாஹ் எனக்குன்னு அந்த ஒரு எடம் வெச்சான்."

இதற்கு மேல் எப்படிக் கேட்பாய், நீயாக இருந்தால்? கேட்டேன் அக்கா. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "உம்மா, அந்தக் கல்லு நடுவுல நிக்கறதுனால தேனு வண்டி உள்ள போக மாட்டேங்குது."

"கொஞ்சம் நகத்தி வைக்கலாமே?"

"நகத்த முடியாதாம். எடுத்தா ஒடஞ்சிடுமாம். வேற புதுசா மரத்தடியில வைக்கலாங்கறாங்க."

உம்மா டம்ளரைக் கீழே வைத்தார். டீயில் ஆடை கட்டிவிட்டது. "ஒரு தடவை மண்ணு தள்ளியாச்சு கோமதி. இப்ப அவ பேரை ஒடைங்கன்னு நானே என் வாயால சொல்லணுமா? புதுசு வைப்போம்பாங்க. எடுக்கறதுல இருக்கற சுறுசுறுப்பு வைக்கறதுல இருக்காதும்மா." அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் இருக்கற வரைக்கும் இருக்கட்டுமே. எனக்கப்புறம் எடுத்துக்கங்க."

சரி உம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து விளக்கேற்றினால் சாமியிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. உம்மா நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டினால் என் பெண்ணுக்கு வழியில்லை. என் பெண்ணுக்குச் சீக்கிரம் வழி பிறக்க வேண்டும் என்று வேண்டினால்... சீ, வாயைக் கழுவ வேண்டும். எதுவும் கேட்காமல் விளக்கைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இப்போது எப்படி ஓடுகிறது என்று கேட்கிறாயா? வண்டியை வாசலில் விட்டுவிட்டு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிறேன். முதுகுக்குப் பலகை வைத்த வண்டி, மடங்காது. அவள் அப்பா தி.நகரில் பாத்திரக் கடையில் நிற்கிற மனுஷன். கடைக்கு என்றைக்கு லீவோ அன்றைக்கு வந்து தூக்குவார். மற்ற நாள் நான்தான். அவள் வளர்கிறாள் அக்கா. பாவாடையை மடிப்புப் பிரித்து இறக்கிக்கொண்டே இருக்கிறேன். என் இடுப்பு இறங்கிவிட்டது.

அதிலும் கொடுமை என்ன தெரியுமா? உள்ளே கொண்டு போய்த் தரையில் உட்கார வைத்தால், நீ வண்டி உயரத்துக்குக் கட்டிய மண் மேஜை அவள் தலைக்கு மேலே இருக்கிறது. வாய்க்கால் எட்டவில்லை. தொட்டாச்சிணுங்கி எட்டவில்லை. மற்ற பிள்ளைகள் பம்பு அடித்து விளையாடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பாத்திச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் போல வண்டியில் வந்த வேறு பிள்ளைகளும் உண்டு. ஒரு அப்பா தன் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஒரு அம்மா கல்லைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள். அந்த மகளுக்கு என்ன சொல்லியிருப்பாள்?

போன வெள்ளிக்கிழமை நாங்கள் போன நேரத்தில் உம்மா அங்கே இருந்தார். சின்னத் துணியால் உன் பேரின் ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் விரல் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்து ஒதுங்கினார். நான் வண்டிக்கு பிரேக் போட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, தேனுவைத் தூக்கக் குனிந்தேன். அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வேணாம்" என்றாள்.

அப்புறம் கையை நீட்டினாள். அவள் கை நினைத்த இடத்துக்குப் போகாது, உனக்குத் தெரியும். ஆடி ஆடிப் போய்க் கடைசியில் கல்லில், உன் பேர் மேலேயே பட்டது. "பெரிம்மா..." என்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். "தள்ளு."

சொல்லிவிட்டு, சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நீ குதித்து ஒதுங்குவாய் என்று காத்திருந்தாள் அக்கா.

உம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. நீ வீட்டுக்குப் போய் உம்மாவிடம் குதித்துக் காட்டிச் சிரிப்பாயாமே, அந்த வார்த்தை அவருக்குத் தெரிந்திருக்கிறது. துணியை மடித்துக் கைப்பையில் வைத்தார். "காலை நான் புடிச்சுக்கறேன், நீ தோளைப் புடி" என்றார். மூட்டு வலிக்காரர், வேண்டாம் என்றால் கேட்கவில்லை. இரண்டு பேரும் பக்கவாட்டில் நடந்து, உன் கல்லை உரசிக்கொண்டு அவளை உள்ளே கொண்டு போனோம்.

உம்மா கல்லைத் தாண்டி உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. இத்தனை வெள்ளிக்கிழமையும் வாசலோடு திரும்பியிருக்கிறார். மரத்தைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், ஊஞ்சலைப் பார்த்தார். "இதெல்லாம் அவளா பண்ணா?" என்று குழந்தை மாதிரி கேட்டார். தேனுவைப் பாத்தி உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க நாங்கள் இருவரும் பட்ட பாட்டில் அவள் ஒரே ஒரு தடவை தொட்டாச்சிணுங்கியைத் தொட்டாள். இலை மூடிக்கொண்டது. அதற்குள் எங்களுக்குக் கை ஓய்ந்துபோய்க் கீழே இறக்கிவிட்டோம். "இன்னொண்ணு" என்று கேட்டாள். முடியலடி கண்ணு என்றேன்.

திரும்பும்போது உம்மா கல்லைத் தொடவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அடுத்த வெள்ளிக்கிழமை சொல்றேன் கோமதி" என்றார். என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

எனக்கு எதை ஆசைப்படுவது என்றே தெரியவில்லை. சரி என்று அவர் சொன்னால் ஒரு தாயிடமிருந்து மகளின் பேரைப் பிடுங்குகிறவள் நான். வேண்டாம் என்றால் என் மகளை வாசலில் நிறுத்துகிறவள் நான். நீ இருந்தால் டேப்பை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு இடம் கண்டுபிடித்திருப்பாய். எனக்குத் துணி அளக்கத்தான் தெரியும்.

ஆனாலும் ஒரு சத்தியம் செய்கிறேன், கேட்டுக்கொள். உம்மா சரி என்று சொன்னால், ஏழுமலை மேஸ்திரி உளியைத் தொடமாட்டார், அதனால் முதல் அடியை நானே அடிப்பேன். உன் பேர் எத்தனை துண்டாக உடைந்தாலும் ஒன்று விடாமல் பொறுக்கி, முந்தானையில் கட்டி, உம்மாவின் மடியில் கொண்டு போய் வைப்பேன். மரத்தடியில் புதுக் கல் வருகிற வரைக்கும் சாரங்கன் சாரைத் தூங்க விடமாட்டேன். உம்மா வேண்டாம் என்று சொன்னால், வாயைத் திறக்காமல், என் இடுப்பு தாங்குகிற வரைக்கும் உன்னைத் தாண்டித் தாண்டி அவளைத் தூக்கிக்கொண்டு போவேன். இரண்டில் எது நடந்தாலும் வெள்ளிக்கிழமை தோறும் உம்மாவோடு நான் இருப்பேன்.

உன்னிடமும் ஒன்று கேட்கிறேன். தேனு நாளைக்கும் உன் எதிரே வந்து நின்று, கையை வைத்து, அதே வார்த்தையைச் சொல்லப்போகிறாள். சொல்லிவிட்டுக் காத்திருக்கப்போகிறாள். என்னால் அதை இன்னொரு தடவை பார்க்க முடியாது. நீதான் யாருடைய மனசுக்குள்ளாவது புகுந்து கொஞ்சம் தள்ளிக்கொள்ளேன் அக்கா.

உன் கூடப் பிறக்காத தங்கை,
தேனுவின் அம்மா
கோமதி